கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

லேப்டாப்பை அணைத்து, மூடி, ஒரு துண்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். போன் டார்ச்சை அடித்து அடிப்பக்கத் துளைகளைப் பாருங்கள். சில துளைகளுக்குப் பின்னால் விசிறியின் கறுப்பு இறக்கைகள் தெரியும். சிலவற்றின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பார்வைக்குத்தான் அது துளை, காற்று அந்த வழியே போகாது. இறக்கை தெரிகிற இடம் எது, அது எவ்வளவு பெரியது, நடுவில் இருக்கிறதா ஓரத்திலா, அல்லது அடிப்பக்கத்தில் துளையே இல்லையா? லேப்டாப்பின் அடியில் வைத்துச் சூட்டைக் குறைக்கும் கூலிங் பேட்களில் எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்கிற கேள்வியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். கடைப் பக்கங்களில் கொட்டிக் கிடக்கும் ‘ஆறு விசிறி’, ‘ஏழு வண்ண விளக்கு’ விளம்பரங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

லேப்டாப்புக்குள் நடப்பது இதுதான். கணக்கிடும் சிப்பான சிபியு, திரைப் படங்களை வரையும் சிப்பான ஜிபியு, இரண்டின் மேலும் செம்புக் குழாய் படிந்திருக்கும். குழாய்க்குள் இருக்கும் துளியூண்டு திரவம் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளில் சூட்டை இறக்கிவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்பும். விசிறி அடியிலிருந்து காற்றை இழுத்து அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகப் பக்கவாட்டிலோ பின்புறமோ தள்ளும். இந்த வரிசையில் கூலிங் பேட் கைவைக்க முடிவது ஒரே இடத்தில்தான்: விசிறிக்குள் போகும் காற்று. தகட்டில் தூசி அடைத்திருந்தால் பேட் அதை எடுக்காது. சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட், அதாவது சூட்டைக் குழாய்க்குக் கடத்தும் பசை, காய்ந்திருந்தால் அதையும் சரிசெய்யாது. அறை 34 டிகிரியில் இருந்தால் பேட் ஊதுவதும் 34 டிகிரிக் காற்றைத்தான். ஏசி வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதிகமான காற்றையும், லேப்டாப் ஏற்கெனவே கக்கிய சூடு கலக்காத காற்றையும் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தக் காற்று உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் கவிழ்க்கச் சொன்னேன்.

வகைகளுக்குப் போகும் முன் எந்த எண்ணைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிடலாம், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். பேட் வைத்த பிறகும் சிபியு 95 டிகிரியிலேயே நிற்கிறது, காசு போச்சு என்பார்கள். இன்டெல் லேப்டாப் சிப்களில் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் சிப்களில் பலவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மறுபக்கம், கொஞ்சம் குளிர்ச்சி கூடுதலாகக் கிடைத்தால் அதையும் வேகமாக்கிச் செலவழித்துவிடும். ஆகவே கனமான வேலையில் வெப்பநிலை அசையாமல், 2.8 கிகாஹெர்ட்ஸில் தவழ்ந்துகொண்டிருந்த சிப் 3.2-இல் ஓடத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் பேட் வேலை செய்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது சிப் எத்தனை வாட் இழுக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை. திரையில் நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) வர வேண்டும் என்பதற்கு வரம்பு வைத்து கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் கதை வேறு. வேலை அளவு மாறாததால் அங்கே வெப்பநிலையே இறங்கும், விசிறிச் சத்தமும் அடங்கும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை, இரண்டும் இலவசம். சிப்பை முழு வேலை வாங்கிச் சுமை கொடுக்க சினிபெஞ்ச் ஆர்23 என்கிற சோதனை நிரல் இருக்கிறது. வழக்கமான அமைப்பிலேயே அது 10 நிமிடம் ஓடும். முதல் இரண்டு நிமிட எண்களை நம்பாதீர்கள், உலோகம் முழுக்கச் சூடேறிய பிறகு வருவதுதான் உண்மை. முதலில் மேசையில் அப்படியே வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்து, துளைகளை மறைக்காமல் பின்பக்க மூலைகள் இரண்டிலும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, அதே அறையில் அதே சார்ஜரோடு இன்னொரு முறை.

இந்தப் புத்தகச் சோதனைக்கு மூன்று விதமான பதில் வரும். வேகம் நன்றாக ஏறினால், காற்றுக்கு இடைவெளி இல்லாததுதான் உங்கள் பிரச்சினை. விசிறியே இல்லாத ஸ்டாண்ட் போதும். கொஞ்சம் ஏறி, விசிறி அப்போதும் உச்சத்திலேயே அலறினால் பேட் உதவ வாய்ப்பு உண்டு. துளியும் மாறவில்லை, லேப்டாப்புக்கும் மூன்று நான்கு வயதாகிவிட்டது என்றால் பேடைத் தள்ளிப்போட்டுவிட்டு உள்ளே சுத்தம் செய்யுங்கள். விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி திரண்டு கனத்த படலமாக அடைத்திருப்பதை, மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் அதன் அச்சு கெடும்.

சரி, வகைகள்.

வெறும் ஸ்டாண்டை முதலில் முடித்துவிடலாம், அதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. கம்பி இல்லை, சத்தம் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. “அலுமினியம் சூட்டை உறிஞ்சும்” என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். லேப்டாப்பைத் தொடுவது நான்கு ரப்பர்த் துண்டுகள்தான். ரப்பர் வழியாக எவ்வளவு சூடு கடத்தப்பட்டுவிடும்? அது செய்வது தூக்கி வைப்பதை மட்டுமே, அதைச் செவ்வனே செய்கிறது. உயரமான ஸ்டாண்ட் கழுத்துக்கு நல்லது, ஆனால் தனி கீபோர்டு வேண்டியிருக்கும். லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்பவர்களுக்குப் பின்பக்கம் மட்டும் இரண்டு மூன்று அங்குலம் எழும்பும் சாய்வு ஸ்டாண்ட் சரி. எழுத்து, உலாவல், வீடியோ அழைப்பு அளவிலேயே வேலை முடிந்துவிடுகிறவர்கள் இதற்கு மேல் செலவு செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த விசிறி பேட். கம்பி வலை மேல்தளம், அதற்குக் கீழே ஒன்று முதல் ஆறு வரை விசிறிகள், யூஎஸ்பி மின்சாரம். கடையில் பத்தில் ஒன்பது இதுதான். இதன் எல்லை அந்த யூஎஸ்பி கம்பியிலேயே தொடங்கிவிடுகிறது. யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 4.5 வாட். விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், அதற்குத் தேவைப்படும் மின்சாரமோ எட்டு மடங்காகும். அந்த 2.5 வாட்டில் ஆறு விசிறிகளுக்கும் பங்கு போக வேண்டும், வண்ண விளக்குகளுக்கும் வேண்டும். மொத்தத்தில் 150 வாட்டுக்கு மேல் சூடு கக்கும் கேமிங் லேப்டாப்பின் அடியில் இதை வைத்து அற்புதம் எதிர்பார்ப்பது அநியாயம். 30, 40 வாட் இழுக்கும் சாதாரண லேப்டாப்புக்கு, துளைகள் சரியான இடத்தில் அமைந்தால், நல்ல உதவியாகவே இருக்கும்.

விசிறி எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். கவிழ்த்துப் பார்த்தபோது இறக்கை தெரிந்த இடங்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு, பேட் படத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். நடுவில் ஒரே பெரிய விசிறி இருக்கும் பேட் மெதுவாகச் சுற்றும், சத்தம் குறைவு, கை வைக்கும் பகுதியைக்கூடக் கொஞ்சம் ஆற்றும். ஆனால் பெரிய விசிறியின் மையத்தில் மோட்டார் குமிழ் இருக்கிறது. அதற்கு நேர் மேலே காற்றே வராது. உங்கள் துளை அங்கே விழுந்தால் இருபது விசிறி இருந்தாலும் பயனில்லை. பின்வரிசையில் இரண்டு விசிறி வைத்த பேட்கள் கேமிங் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன, ஏனெனில் அவற்றின் துளைகளும் பின்பாதியில் இடம் வலமாக இருப்பதே வழக்கம்.

விசிறி நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றைத் தள்ளும் என்று பெட்டியில் சிஎஃப்எம் எண் போட்டிருப்பார்கள். எதிரே தடையே இல்லாதபோது கிடைக்கும் அளவு அது. லேப்டாப்பை மேலே வைத்ததும் நிலைமை மாறிவிடும். அடிப்பலகைக்கும் வலைக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளி. காற்று ஒரு சோம்பேறி. நெருக்கமான துளைக்குள் நுழைவதைவிட நான்கு பக்கமும் பரவி வெளியே ஓடுவதே அதற்குச் சுலபம். ஒரு டிஷ்யூ காகிதத் துண்டை லேப்டாப்பின் ஓரத்தில் பிடித்துப் பாருங்கள், படபடவென்று அடிக்கும். அத்தனையும் உள்ளே போயிருக்க வேண்டிய காற்று. திசையும் முக்கியம். பேட் விசிறி மேல்நோக்கி ஊத வேண்டும். கீழ்நோக்கி உறிஞ்சும் பழைய வகை ஏதாவது கைக்கு வந்தால், அடியிலிருந்து காற்று இழுக்கும் லேப்டாப்போடு அது இழுபறி நடத்தும்.

அந்த ஓரக் கசிவை அடைக்கப் பிறந்ததுதான் மூன்றாவது வகை: சுற்றிலும் ஃபோம் வளையம் வைத்து மூடிய பிளோவர் பேட். ஐஇடிஎஸ், லானோ போன்ற பெயர்களில் வருபவை. வளையத்தின் மேல் லேப்டாப் அமர்ந்ததும் நடுவில் ஓர் அறை உருவாகும். பிளோவர் எனப்படும் பலமாக ஊதும் விசிறி அந்த அறைக்குள் காற்றை அடைக்கும்போது, காற்றுக்கு லேப்டாப்பின் துளைகளைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. யூஎஸ்பி மின்சாரம் போதாதென்று சுவரில் செருகும் தனி அடாப்டரோடு வரும். விசிறி பேட் ஒன்றிரண்டு டிகிரியோடு திணறும் இடத்தில் இது இரட்டை இலக்கத்தில்கூடக் குறைத்துக் காட்டும். சிபியு, ஜிபியுவோடு நிற்காமல், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மின்சுற்றுப் பகுதிகள் என்று லேப்டாப்பின் விசிறி கவனிக்காத மூலைகளுக்கும் காற்று போகும். கூலிங் பேட் என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியானது இந்த வகை மட்டும்தான் என்பது என் கருத்து.

அதற்கான விலையைச் சத்தத்தில் கொடுக்க வேண்டும். முழு வேகத்தில் வைத்தால் பக்கத்து அறையில் இருப்பவர் எழுந்து வந்து என்னவென்று கேட்பார். ஹெட்போன் போட்டு ஆடுபவர்களுக்குப் பரவாயில்லை, மைக்கில் பேசுபவர்களுக்கும் குழந்தை தூங்கும் வீட்டுக்கும் ஆகாது. நல்ல செய்தி, முழு வேகம் தேவைப்படுவது அரிது. குமிழைத் திருப்பிப் பாதி வேகத்தில் நிறுத்தினாலே லாபத்தின் பெரும்பங்கு கிடைத்துவிடும், அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் இரைச்சல்தான்.

இன்னும் சில சங்கடங்கள் உண்டு. ஃபோம் வளையம் உங்கள் அளவுக்குப் பொருந்த வேண்டும். 15, 17 அங்குல உடம்புக்குச் செய்ததில் 13 அங்குல லேப்டாப்பை வைத்தால் ஓரங்கள் திறந்தே கிடக்கும், மூடிய பேட் என்பதன் அர்த்தமே போய்விடும். சில லேப்டாப்களில் சூடான காற்று வெளியேறும் துளையின் ஒரு பகுதி அடிப்பக்கப் பின் ஓரம் வரை நீளும். அது வளையத்துக்குள் மாட்டினால் வெளியே போக வேண்டிய காற்றை நீங்களே எதிர்த்து ஊதுகிறீர்கள். இவ்வளவு காற்று போகும் இடத்தில் தூசியும் போகும், ஆகவே கழற்றிக் கழுவும் வடிகட்டி இல்லாத மாடலைத் தொடாதீர்கள். வடிகட்டி இருந்தும் கழுவாமல் விட்டால் அதுவே அடைப்பாகும். பேட் தடிமனானது, கனமானது, பைக்குள் போகாது. மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு மட்டும் இது.

நான்காவது வகை ஊதாது, உறிஞ்சும். லேப்டாப்பின் பக்கவாட்டில் சூடான காற்று வெளியேறும் துளையில் ரப்பர் வாயை மாட்டிவிட்டால் அது இழுத்து வெளியே விடும். சின்னது, பைக்குள் போகும். துளை பக்கவாட்டில், தட்டையான விளிம்பில் இருந்தால் ஓரளவு வேலையும் செய்யும். ஆனால் இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் பல திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே உள்ள கீல் இடுக்கு வழியாகவே சூட்டை விடுகின்றன. அங்கே இதை மாட்ட இடமே கிடையாது. இரண்டு பக்கம் துளை உள்ள லேப்டாப்பில் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துப் பாதிப் பலன்தான் கிடைக்கும். அதன் கீச்சுக் குரலும் எனக்கு ஒத்துவராது. பழைய, தடித்த, ஒற்றைத் துளை லேப்டாப் வைத்திருப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஜெல் பேட், உப்பு பேட் என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் பொருள் உருகும்போது சூட்டை விழுங்கும் என்பது தத்துவம். படிகமான சோடியம் சல்பேட் சுமார் 32 டிகிரியில் உருகத் தொடங்கும். அறிவியல் சரிதான், ஆனால் முழுக்க உருகி முடிந்ததும் அது வெறும் சூடான மெத்தை. கோடையில் அறையே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் லேப்டாப்பை வைக்கும் முன்பே உருகிக் கிடக்கும். போதாததற்கு அடிப்பக்கத் துளைகளையும் மூடிவிடும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்த குளிரூட்டிகள் அறையைவிடக் குளிர்ச்சியாக்கும் என்பது உண்மைதான். கூடவே ஈரக்காற்று அதன் மேல் பட்டு நீர்த்துளியாகும். மின்சாரம் ஓடும் பொருளுக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

விசிறியே இல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பத்தி. ஆப்பிளின் மேக்புக் ஏர் 2020-இல் எம்1 சிப்போடு வந்தது முதல் விசிறி இல்லாமலே வருகிறது. காற்று நுழையத் துளையும் இல்லை. உலோக உடம்பின் மேல் காற்று ஊதினால் உடம்பு கொஞ்சம் ஆறும், நீளமான வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது வேகம் விழுவது சற்றுத் தள்ளிப்போகலாம். மேக்புக் புரோவில் விசிறி உண்டு, ஆனால் பக்கவாட்டு ஓரங்களிலும் கீல் பக்கத்திலும்தான் அதன் காற்றுவழிகள். அடிப்பலகை முழுக்க மூடியது. இந்த இரண்டுக்கும் ஃபோம் பேட் வாங்குவது காசைக் காற்றில் விடுவது. மேக் ஆட்களுக்கு என் பதில் எப்போதும் ஸ்டாண்ட்தான்.

மடியிலும் மெத்தையிலும் வைத்து வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விசிறி பேட் தனக்கு வேண்டிய காற்றைத் தன் அடிப்பக்கத்திலிருந்துதான் இழுக்கிறது. மெத்தையில் அழுந்தி உட்கார்ந்தால் பேடுக்கே மூச்சு முட்டும்; விசிறி சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் வராது. கால் வைத்த படுக்கை மேசையோ தட்டையான பலகையோ அங்கே பேடைவிட உருப்படியானது. தோலுக்கும் ஒரு தடுப்பு வேண்டும். நாள்தோறும் மணிக்கணக்கில் லேப்டாப்பைத் தொடையில் வைத்து கேம் ஆடிய 12 வயதுச் சிறுவனுக்குத் தோலில் வலை போன்ற பழுப்புத் திட்டு வந்ததை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். சுடும் அளவுக்குச் சூடு தேவையில்லை. மிதமான சூடு நாள்கணக்கில் பட்டாலே போதும்.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்கலாம். லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடு ஆகாது, சூட்டில் சீக்கிரம் கிழடாகும். தன் லேப்டாப்களைச் சுற்றியுள்ள காற்று 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. பேட்டரி பெரும்பாலும் கை வைக்கும் பகுதிக்கு அடியில், முன்பக்கம் இருப்பதால், சிபியுவுக்குப் பெரிதாக உதவாத பெரிய ஒற்றை விசிறி பேட்கூட அந்த இடத்தை ஆற்றிவைக்கும். நாள் முழுக்க சார்ஜரில் செருகியே வைத்திருப்பவருக்கு இது சின்ன லாபம் இல்லை.

இப்போது யாருக்கு எது? அலுவலக வேலை என்றால் ஸ்டாண்ட். அதோடு பல விண்டோஸ் லேப்டாப்களில் பவர் அமைப்புக்குள் போய் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால் டர்போ வேகம், அதாவது சிப் தேவைப்படும்போது எட்டும் கூடுதல் வேகம், நின்றுவிடும். வேகம் குறைவது எக்செல், உலாவி வேலையில் அவ்வளவாகத் தெரியாது, சூடும் சத்தமும் குறைவது நன்றாகவே தெரியும், செலவும் இல்லை. நடுத்தர லேப்டாப்பில் புகைப்படத் திருத்தம், நிரல் தொகுப்பு, அவ்வப்போது கேம் என்று இருப்பவர்களுக்கு, துளைகளின் இடம் பொருந்தினால், பெரிய இறக்கையுள்ள விசிறி பேட். கேமிங் லேப்டாப், அடிப்பக்கம் அகலமான துளைகள், மேசையிலேயே இருக்கும், சத்தம் பிரச்சினை இல்லை, இத்தனையும் சேர்ந்தால் ஃபோம் பிளோவர். இதில் ஒன்று குறைந்தாலும் நான் ஸ்டாண்டுக்கே திரும்புவேன்.

வாங்கும்போது சில்லறை விஷயங்கள் சிலவற்றைப் பாருங்கள். லேப்டாப் வழுக்காமல் இருக்க முன் ஓரத்தில் ஒரு தடுப்பு இருக்கும். அது உயரமாக இருந்தால் தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டில் உறுத்தும், ஒரே வாரத்தில் பேட் பரண் ஏறிவிடும். மடக்கிவிடக்கூடிய தடுப்பு நல்லது. பேட் ஒரு யூஎஸ்பி துளையைப் பிடித்துக்கொள்ளும், பதிலுக்கு ஒரு துளையாவது அதிலேயே இருக்க வேண்டும். விளக்கை விசிறியிலிருந்து தனியாக அணைக்க முடிகிறதா என்று கேளுங்கள், இரவில் கண் எதிரே நீலம் துடிப்பதைச் சகிக்க எல்லோராலும் முடியாது. வேகத்தை மாற்றும் குமிழ் கட்டாயம். மேல்தளம் பிளாஸ்டிக் சட்டமாக இல்லாமல் நல்ல அகலக் கண்ணுள்ள உலோக வலையாக இருக்கட்டும்.

பேட் வந்து சேர்ந்ததும் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அறை அதே சூட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அதே சினிபெஞ்சை மூன்றாவது முறை ஓட்டி, புத்தகம் வைத்தபோது வந்த வாட் கணக்கோடு ஒப்பிடுங்கள். மேசையில் வைத்தபோது வந்ததோடு ஒப்பிட்டால் பேட் கெட்டிக்காரன் மாதிரித் தெரியும், ஏனென்றால் வெறுமனே தூக்கி வைத்ததன் லாபமும் அதன் கணக்கில் ஏறிவிடும். புத்தகத்தைவிட இரண்டு மூன்று வாட்கூட அதிகம் வரவில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.